‘டி.சி. வாங்கிக்கங்க’ என்று பள்ளி சொன்னால்: சிறப்புக் கல்வி வசதிக்காக வரும் பிணக்கைத் தீர்ப்பது எப்படி?

கேள்வி, சுருக்கமாக: கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு தாய் கேட்கிறார். மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம், மாற்றுத்திறன் சான்றிதழில் குறைபாடு 50 சதவீதம். தனியார் மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு. சேர்க்கும்போது தினமும் சிறப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, வழக்கமான கட்டணத்துக்கு மேல் தனியாகப் பணமும் வாங்கினார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், அரை அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் கடைசி பெஞ்ச். போய்க் கேட்டால், “ஒண்ணு நீங்களே ஒரு ஆளைப் போட்டுக் கூட உக்கார வைங்க, இல்லீன்னா ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாத்திக்கங்க” என்கிறார்கள். தாளாளர் வீட்டுக்காரர் வழியில் சொந்தம் வேறு. என்ன செய்வது?

பதில்:

‘என் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்கிறேன்’ என்று எழுதிய எந்தத் தாளிலும் நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். சேர்த்துக்கொண்ட குழந்தையை எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளி வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16 சொல்கிறது. பள்ளிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் வெளியேற்றுவதில்லை, பெற்றோர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாள் கோப்பில் ஏறிவிட்டால், பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் “அவங்களே கேட்டு வாங்கிட்டுப் போனாங்க சார்” என்று அதைத்தான் நீட்டுவார்கள். ‘பள்ளியில் நடக்கும் எதற்கும் பள்ளி பொறுப்பாகாது’ என்று எழுதிய உறுதிமொழிப் படிவமும் இதே வகைதான். வாசலில் நிற்கவைத்து அவசரப்படுத்தினாலும், “வீட்ல கேட்டுட்டு நாளைக்குத் தர்றனுங்க” என்று சொல்லி, தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது சொந்தம் என்ற சங்கடம். நம் பக்கத்தில் பாதிப் பிணக்குகள் முற்றிப்போவதற்குக் காரணமே, எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே வைத்திருப்பதுதான். எழுதிக் கொடுத்தால் மனத்தாங்கல் வரும் என்று ஒரு வருடம் சும்மா இருப்போம். பிறகு ஒருநாள் பொறுக்க முடியாமல் வாசலில் நின்று சத்தம் போடுவோம். மனத்தாங்கல் அப்போதுதான் வரும், கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. முதலில் நேரில் பார்த்து, “மாமா, கோவிச்சுக்காதீங்க, பையன் ஃபைல்ல இருக்கட்டும்னுதான் எழுதிக் குடுக்கறனுங்க” என்று சொல்லிவிட்டு அப்புறம் கடிதத்தைக் கொடுங்கள். மரியாதையும் கெடாது, பதிவும் இருக்கும்.

கடிதத்துக்கு அடிப்படையான சட்டம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். மெட்ரிக், சிபிஎஸ்இ என்ற வேறுபாடு அதில் கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவில் அப்படி எந்த விலக்கும் எழுதப்படவில்லை. பாகுபாடின்றிச் சேர்ப்பது, குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்வது, தனித்தனியாக ஆதரவு தருவது, கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிவது, ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது ஆகியவை அந்தப் பிரிவு சொல்லும் கடமைகள். இந்தக் கடைசிக் கடமையைப் பெற்றோர்கள் பயன்படுத்துவதே இல்லை. “என் மகனின் முன்னேற்றப் பதிவைக் காட்டுங்கள்” என்று ஒரு வரி எழுதிக் கேட்டாலே, பல இடங்களில் அப்படி ஒரு பதிவே இல்லை என்பது வெளியே வந்துவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஃபோனில், “ஐ.இ.பி. மீட்டிங் கேளு, டியூ ப்ராசஸ் போடு” என்பார்கள். அங்கே 1975இல் வந்த சட்டத்திலிருந்தே சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்துத் திட்டம் (ஐ.இ.பி.) கட்டாயம், பிணக்கு வந்தால் அதற்கென்றே விசாரணை முறையும் (டியூ ப்ராசஸ்) உண்டு. இங்கே பள்ளிப் பிணக்குக்கென்று தனித் தீர்ப்பாயம் இல்லை. அதனால் அங்கத்துச் சொற்களைக் கடிதத்தில் எழுதாமல், 16ஆம் பிரிவின் சொற்களையே எழுதுங்கள்: ‘நியாயமான வசதி’, ‘தனிப்பட்ட ஆதரவு’, ‘முன்னேற்றக் கண்காணிப்பு’.

‘நியாயமான’ என்ற சொல்லுக்கு ஓர் எல்லையும் உண்டு. பள்ளிக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால் மறுக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்காக அடுத்த வாரத்துக்குள் லிஃப்ட் கட்டு என்றால் மறுக்கலாம். அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு இறக்கு என்றால் மறுக்க முடியாது. உங்கள் கோரிக்கை ஒவ்வொன்றையும் இந்த இரண்டாவது வகைக்குக் கொண்டுவர வேண்டும். நாள் முழுக்க ஓர் ஆசிரியர் என்று கேட்டால் ஒரே வார்த்தையில் முடியாது என்பார்கள். நாளையும் நிமிடத்தையும் எழுதிக் கேட்டால், அப்படித் தட்டிக்கழிப்பது சுலபமில்லை.

கடிதம் ஒரு பக்கம் போதும். கிட்டத்தட்ட இப்படி:

‘பொருள்: 4ஆம் வகுப்பு மாணவனுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16இன்படி வசதிகள் கோருதல்.

1. சிறப்பு ஆசிரியருடன் வாரம் 4 நாள், நாளுக்கு 40 நிமிடம். விளையாட்டு, ஓவியப் பாடவேளைகளில் இதை வைக்க வேண்டாம்.
2. முதல் வரிசையில், ஆசிரியர் மேசைக்கு அருகில் இடம்.
3. கரும்பலகையில் எழுதுவதை அச்சிட்ட தாளில் தருதல்.
4. தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டுதல், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம்.
5. வெள்ளிதோறும் டைரியில் அந்த வாரம் என்ன நடந்தது என்று நான்கு வரி.

இவற்றில் எதைச் செய்ய இயலும், எது இயலாது, இயலாததற்குக் காரணம் என்ன என்று 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

இந்த 15 நாள் சட்டத்தில் உள்ள கெடு இல்லை, நீங்களாக வைப்பது. ஆனாலும் ஒரு தேதி இருந்தால்தான் அது தாண்டிப்போனதைச் சொல்லிக்காட்ட முடியும். முதல் கோரிக்கையின் இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். சிறப்பு ஆசிரியரின் நேரத்தைப் பல பள்ளிகள் பி.டி. பீரியடில்தான் போடுவார்கள், பாடம் கெடாதாம். அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளோடு கலந்து சிரிக்கும் ஒரே நேரம் அதுதான். அதைப் பிடுங்கிவிட்டு ‘சேர்ந்து படிக்கும் கல்வி’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. இப்போது கிடைக்கும் நேரத்தையும் கடிதத்தில் கணக்காகவே எழுதுங்கள்: நாளுக்கு 8 பீரியட், பீரியடுக்கு 40 நிமிடம் என்றால் வாரத்துக்கு 1,600 நிமிடம், அதில் அவனுக்குக் கிடைப்பது 60. இந்த எண்ணைப் பார்க்கும் அதிகாரிக்கு விளக்கமே தேவைப்படாது.

கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றைக்கே ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, அதையே பள்ளியின் மின்னஞ்சலுக்கும் போட்டுவிடுங்கள். கூடவே சான்றிதழ் நகல், யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், ஓராண்டுக்குள் எடுத்த மதிப்பீட்டு அறிக்கை. இந்த அறிக்கையில்தான் பலர் சறுக்குகிறார்கள். நான்கு வயதில் எடுத்த பழைய அறிக்கையைக் கொடுப்பார்கள், அல்லது இரண்டு இடத்தில் எடுத்த, ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகளைக் கொடுப்பார்கள். பள்ளி தனக்கு வசதியானதைப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் மகனுக்குச் சான்றிதழ் இருக்கிறது. இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறைபாடு 40 சதவீதம் இல்லை என்று சொல்லிப் பள்ளி எல்லாவற்றையும் மறுக்க முடியாது. 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி என்று 2016 சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்வதற்குத்தான் அந்த 40 வேண்டும். 16ஆம் பிரிவில் அந்த வரம்பு இல்லை. தேர்வில் எழுத உதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நியாயமான வசதிக்கு 40 சதவீதம் நிபந்தனை ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

கடிதத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். போங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள். கணவன் மனைவி இருவரும் போங்கள். இருவரும் ஒரே பேச்சாகப் பேச முன்தினமே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்பா, “சரி விடுங்க, பாத்துக்கலாம்” என்று எழுந்துவிட்டால் அம்மா சொன்னதெல்லாம் அங்கேயே முடிந்தது. முதல்வர், வகுப்பு ஆசிரியர், சிறப்பு ஆசிரியர் மூவரும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். வகுப்பு ஆசிரியர் இல்லாத கூட்டத்தில் எதை ஒப்புக்கொண்டாலும் வகுப்பறைக்குள் எதுவும் மாறாது. ‘பையன் முன்னேறணும்’ என்று பேசினால் முடிவு வராது. ‘இப்போ மூன்றெழுத்துச் சொல் இருபதுக்கு ஆறு படிக்கிறான், அரையாண்டுக்குள் பதினாலு படிக்கணும், அதுக்கு யார், எந்த நாள், எத்தனை நிமிஷம்?’ என்று பேசினால் வரும். அன்று மாலையே, “இன்று பேசியதில் ஒப்புக்கொண்டவை இவை; விடுபட்டிருந்தால் தெரிவிக்கவும்” என்று மின்னஞ்சல் போடுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி உட்காரும் தேதியையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டத்தில் கட்டாயம் வரும் ஒரு பேச்சு: “மத்த பிள்ளைகளை அடிக்கறானுங்கம்மா, பேரண்ட்ஸ் எல்லாம் கம்ப்ளைண்ட் பண்றாங்க.” இதை உடனே மறுக்காதீர்கள், நடந்திருக்கலாம். எப்போது, எங்கே, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது, பிறகு என்ன செய்தார்கள் என்று நான்கு கட்டம் போட்ட நோட்டில் மூன்று வாரம் எழுதச் சொல்லுங்கள். ‘செவ்வாய் 11.20, பி.டி. முடிந்து குழாயடியில் வரிசை, பின்னால் நின்றவன் தள்ளினான்’, ‘வியாழன் 11.25, அதே குழாயடி’ என்று வந்தால் விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது. அவனை ஐந்து நிமிடம் முன்பாகத் தண்ணீர் குடிக்க அனுப்பினால் போதும். எழுதாமல் பேசும்வரை அது ‘அடிக்கிற பையன்’ என்ற பெயராகவே நிற்கும். அந்தப் பெயரை வைத்துத்தான் டி.சி. பேச்சை ஆரம்பிப்பார்கள்.

துணைக்கு ஆள் போடுங்கள் என்ற கோரிக்கைக்கு வருவோம். ஷேடோ டீச்சரைப் பெற்றோர் தம் செலவில் வைத்தால்தான் பிள்ளை பள்ளிக்கு வரலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆதரவு தருவது பள்ளியின் கடமை. நீங்களாக விரும்பி வைத்தால் அது வேறு. அப்படி வைத்தாலும் பள்ளியின் சிறப்பு ஆசிரியர் நேரம் குறையாது என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பிள்ளையின் மொத்தப் பொறுப்பும் அந்த ஷேடோ தலையில்தான், வகுப்பு ஆசிரியர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சிறப்பு ஆசிரியர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு எண் பெற்றவர்தான் சிறப்பு ஆசிரியர். வேலை குறைவாக இருக்கும் பாட ஆசிரியரை உட்காரவைத்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லும் பள்ளிகள் உண்டு. பொதுப் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை ஒன்றிய அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது, உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பைத் தொடர்ந்து. “ஆள் கிடைக்கறதில்லீங்க” என்ற பதிலையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா வளாகத்திலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி படித்து வெளியே வருகிறார்கள். விளம்பரம் கொடுத்தீர்களா, என்ன சம்பளம் சொன்னீர்கள் என்று கேட்கலாம்.

தனியாக வாங்கிய பணத்துக்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் அந்தக் குழுவுக்கே புகார் எழுதலாம். எந்தத் தலைப்பில் வாங்கினார்கள் என்ற கேள்வியே பல தாளாளர்களைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்துவிடும். பணத்தைத் திருப்பிக் கேட்பதா, அந்தப் பணத்துக்குச் சொன்ன நேரத்தைக் கேட்பதா என்று முதலில் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நேரத்தைக் கேட்பதே பிள்ளைக்கு நல்லது என்பது என் எண்ணம்.

இதெல்லாம் செய்தும் 15 நாளில் பதில் இல்லை, அல்லது மறுப்பு என்றால் மேலே போகலாம். மேலே போவதில் நடக்கும் பெரிய தவறு, ஒரே மனுவை முதலமைச்சர் தனிப்பிரிவு, கலெக்டர், கல்வித்துறை என்று பத்து இடத்துக்கு ஒரே நாளில் அனுப்புவது. பத்தும் சுற்றிச் சுற்றி முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் ஒரே மேசைக்குத்தான் வந்துசேரும். ‘பள்ளியிடம் விளக்கம் பெறப்பட்டது’ என்று ஒரே பதிலில் பத்தையும் முடித்துவிடுவார்கள்.

முதல் மனு, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு. நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. மனுவில் ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடிக்காதீர்கள். ‘பிரிவு 16இன்படி மேற்கண்ட ஐந்து வசதிகளையும் வழங்குமாறு பள்ளிக்கு எழுத்தில் உத்தரவிடவும், உத்தரவின் நகலை எனக்கு அனுப்பவும்’ என்று கேளுங்கள். ஒரு மாதம் பாருங்கள். அசைவு இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஈரோடு கலெக்டரிடம் நேரில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். அந்த மனு என்ன ஆனது என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் பள்ளியிடம் நேராக அதைக் கேட்க முடியாது. கல்வி அலுவலகத்திடம் பள்ளி கொடுத்த விளக்கத்தின் நகலைக் கேளுங்கள். பள்ளி உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்பது அதில் தெரியும்.

அதற்கு மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சியை வரவழைக்க, ஆவணம் கேட்க உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தருவது பரிந்துரைதான், தீர்ப்பு ஆகாது. ஆனால் பரிந்துரையைப் பெற்றவர்கள் அதன்மேல் எடுத்த நடவடிக்கையை, அல்லது ஏற்காததற்குக் காரணத்தை, மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உயர் நீதிமன்றம்வரை போக நேர்ந்தால் அந்தப் பரிந்துரை நல்ல ஆவணம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். கரூர் மட்டும் மதுரைக் கிளை. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987 சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவும் அவர்களைக் கேட்கலாம். சொந்தக்காரர் பள்ளி என்பதால் உங்களுக்கு இதுவே நீதிமன்றத்தைவிடப் பொருத்தம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய்வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம்வரை என்று 89ஆம் பிரிவு சொல்கிறது. இதை முதல் கடிதத்திலேயே எழுதாதீர்கள். மிரட்டலாகப் படித்துவிட்டால் பள்ளி வக்கீலைக் கேட்டுத்தான் இனிப் பேசும், உங்களிடம் பேசாது.

அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு வழி கொஞ்சம் வேறு. அங்கே சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து வருவார். ஒருவரே பல பள்ளிகளைப் பார்ப்பதால் வருகை தவறுவதுதான் முக்கியச் சிக்கல். தலைமையாசிரியரிடம் அந்த மாத வருகை அட்டவணையைக் கேட்டு, வந்த நாள், வராத நாளைக் காலண்டரில் குறியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைச் சொல்லித் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களில் அதே 2016 சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்; புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். கடுமையான குறைபாடு, பள்ளிக்கு வரவே முடியாது என்றால் வீட்டுவழிக் கல்வி உண்டு. அதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம்; பிள்ளை தொந்தரவு என்பதற்காகப் பள்ளி அதைத் திணிக்கக் கூடாது.

உங்கள் மகன் எட்டாம் வகுப்பு தாண்டும்போது இன்னொரு அழுத்தம் வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நூறு சதவீதத் தேர்ச்சியைப் பெயராக வைத்திருக்கும் பள்ளிகள் நம் வட்டாரத்தில் அதிகம். ஒன்பதாம் வகுப்பில், “ஓப்பன் ஸ்கூல்ல எழுதட்டுமே, ஈஸியா இருக்கும்” என்பார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தத் திறந்தநிலைப் பள்ளி நல்ல வழிதான். ஆனால் பொதுத்தேர்விலேயே மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். பத்தாம் வகுப்பு தொடங்கும் ஜூனிலேயே எழுதிக் கேளுங்கள். ஜனவரியில் ஞாபகம் வந்து ஓடினால் மருத்துவமனைக்கும் கல்வி அலுவலகத்துக்கும் அலைந்தே பிள்ளையின் படிப்பு நேரம் போய்விடும்.

கடைசியாக, ஸ்பெஷல் ஸ்கூல். அது மோசம் என்று நான் சொல்லவில்லை. 31ஆம் பிரிவு, அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதை ‘அவரது விருப்பப்படி’ என்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தையுடையது, உங்களுடையது, பள்ளியுடையது அல்ல. ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் முறையாக வசதி செய்தபிறகும் பிள்ளை தினமும் காலையில் அழுதுகொண்டே யூனிஃபார்ம் போடுகிறான் என்றால், மாற்றுவதில் தோல்வி ஒன்றும் இல்லை. அப்படி முடிவெடுத்தால், டி.சி. விண்ணப்பத்தில் ‘சொந்த விருப்பம்’ என்று எழுதாமல், ‘கோரிய வசதிகள் கிடைக்காததால்’ என்று உங்கள் கடிதத் தேதிகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தனியாக வாங்கிய பணத்தின் ரசீது, சிறப்பு ஆசிரியரின் பதிவுகள், அந்த நான்கு கட்ட நோட்டின் நகல், கடைசி மூன்று தேர்வுத் தாள்கள் இவற்றைக் கையில் வாங்கிய பிறகு டி.சி.க்குக் கையெழுத்துப் போடுங்கள். அந்த நோட்டைப் புதிய பள்ளியின் வகுப்பு ஆசிரியரிடம் முதல் நாளே கொடுத்துவிட்டால், குழாயடிக்கு அவனை எப்போது அனுப்ப வேண்டும் என்று அவர் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை.